கடைசி வரி வரை படித்தவர்

பஜ்ஜி சுற்றி வந்த காகிதத்துக்கு மதிப்பெண் போட்ட ஒருவரை என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி கேன்டீன். மாலை நாலு மணி டீ. பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, அது வந்த காகிதத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். யாரோ எந்தக் காலத்திலோ எழுதிய விடைத்தாளின் ஒரு பக்கம். டீ ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தின் கடைசி வரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஆறு குடுக்கலாம் சார்."

"எதுக்கு மேடம்?"

"பத்துக்கு. கேள்வி என்னன்னு தெரியல. ஆனா எழுதினவன் புரிஞ்சு எழுதியிருக்கான். கடைசியில அவசரப்பட்டுட்டான்."

"அது எந்த யூனிவர்சிட்டி, எந்த வருஷம்னே தெரியாது. பாதி எண்ணெய்."

"எண்ணெய் படாத பாதிக்குத்தான் சார் ஆறு."

இது நடந்து பதினொரு வருஷம் ஆகிறது. அப்போது நான் திருச்சியில் ஒரு கலைக் கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியர். ஓய்வுக்கு மூன்று வருஷம் பாக்கி. அக மதிப்பீட்டுக் குழுவுக்கும் நான்தான் பொறுப்பு. பல்கலைக்கழகத் தேர்வுக்கு முன்னால் கல்லூரியே இருபத்தைந்துக்குப் போடுகிற மதிப்பெண் அது. மாணவர்கள் இன்டர்னல் என்பார்கள். அவர் சுயநிதிப் பிரிவில் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். செமஸ்டருக்கு செமஸ்டர் புது ஆணை வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. அவருக்கு முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயதிருக்கும். பெயரை எழுதப் போவதில்லை. அவரைக் கேட்டுக்கொண்டு இதை நான் எழுதவில்லை.

அவருக்குக் கொடுத்திருந்த தாள், கட்டுரை எழுதும் பயிற்சி. இரண்டாம் வருஷத்துக்காரர்களுக்குக் கட்டாயத் தாள். வகுப்பில் அறுபத்திரண்டு பேர். ஆளுக்கு நாலு கட்டுரை. ஒரு கட்டுரைக்குப் பத்துப் பக்கத்துக்குக் குறையக் கூடாது, ஏ4 தாளில் நாலு பக்கமும் பார்டர் போட்டிருக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். பக்கத்தை எண்ணலாம், மதிப்பெண் போடலாம், தகராறு வராது. மற்ற ஆசிரியர்கள் கட்டைத் தூக்கிப் பார்த்தே இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று போட்டுவிடுவார்கள்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் எல்லாவற்றையும் படிக்கப் போவதாகச் சொன்னார். நான் ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அறுபத்திரண்டு பேர், நாலு கட்டுரை, பத்துப் பக்கம்: இரண்டாயிரத்து நானூற்று எண்பது பக்கம். பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் என்றால் எண்பத்திரண்டு மணி நாற்பது நிமிஷம்.

சீட்டை வாங்கிப் பார்த்தார். "கணக்கு சரிதான் சார். ஆனா பத்துப் பக்கம்னு சொன்னது நீங்கதானே? ரெண்டு பக்கம்னா பதினாறரை மணி நேரத்துல முடிஞ்சிடும்."

தன் வகுப்புக்கு இரண்டு பக்கம் என்று அறிவித்தும் விட்டார். அதையும் சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. குழம்புக்கு உப்பு போதும் என்று சொல்வதுபோல் சொன்னார்.

படிப்பதில் அவருக்குச் சின்னது பெரியது கிடையாது. சுற்றறிக்கை வந்தால் நாங்கள் எல்லோரும் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். அவரிடம் போனால் அட்டெண்டர் காலை மாற்றி மாற்றி நிற்க வேண்டியதுதான்.

"மேடம், எல்லாரும் போட்டுட்டாங்க. நீங்க மட்டும்தான் பாக்கி."

"இருங்கண்ணே, வந்துட்டேன். இன்னும் நாலு வரி."

ஒருமுறை அந்த நாலு வரியில் துறைக் கூட்டம் என்று போட்டிருந்த தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. அவருக்கு முன்னால் இருபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தோம். என் கையெழுத்து நாலாவது. அவர் பென்சிலால் தேதியைச் சுழித்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்குச் சிரித்தோம். ஆனால் அது யாருக்கும் பிடிக்கவில்லை. நாம் பார்க்காமல் விட்டதை ஒருவர் பார்த்துவிட்டால் அவர் பக்கத்தில் உட்கார்வதற்கே ஒரு மாதிரி இருக்கும்.

திருவெள்ளறையிலிருந்து பஸ்ஸில் வருவார். அப்பா விவசாயம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து நடந்து வந்து மாம்பழச் சாலையில் அதே பஸ்ஸில் ஏறுவேன். காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வருகிறவரைக்கும் அவர் கையில் கட்டுரைகள் இருக்கும். நிற்க இடமில்லாவிட்டால் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பியில் தோளைச் சாய்த்துக்கொண்டு படிப்பார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் மேடம், இந்தப் பசங்க டிகிரி முடிச்சிட்டு எங்க போய்க் கட்டுரை எழுதப் போறாங்க? ஒருத்தன் கடையில நிப்பான், ஒருத்தன் வண்டி ஓட்டுவான். இதுல விவரிக்கிற கட்டுரை, விளக்குற கட்டுரை, வாதிடுற கட்டுரைன்னு வகை வேற."

"வகை இருக்கட்டும் சார். யாருக்கு எழுதுறோம்னு தெரிஞ்சா வகை தானா வந்துடும். பார்க்காதவங்களுக்கு எழுதினா விவரிக்கிறோம். செய்யத் தெரியாதவங்களுக்கு எழுதினா விளக்குறோம். ஒத்துக்காதவங்களுக்கு எழுதினா வாதிடுறோம். வாத்தியாருக்கு எழுதினாத்தான் பார்டர் போடுறோம்."

பக்கத்தில் நின்ற கண்டக்டர் சிரித்தார். நான் நாலாவது வகையைக் கேட்டேன். பாடத்திட்டத்தில் தன்னனுபவக் கட்டுரை என்று ஒன்று இருந்தது.

"அது மட்டும் எனக்கே சரியாச் சொல்லத் தெரியல சார். யாராவது ஒருத்தர் கேட்டா போதும்னு இருக்கிறவங்க எழுதுறதுன்னு வெச்சுக்கலாம்."

முதல் கட்டுரை, விவரிப்பு. பத்தொன்பது பேர் மலைக்கோட்டையைப் பற்றி எழுதியிருந்தார்கள். பத்தொன்பதும் ஒரே கைடிலிருந்து வந்தவை. அத்தனைக்கும் ஆறு மதிப்பெண். "நீ பார்த்ததை எழுது. மலைக்கோட்டையை நீ ஏறிப் பார்த்த மாதிரியே தெரியலையே" என்று ஒவ்வொன்றிலும் எழுதினார். பத்தொன்பது முறையும் முழு வாக்கியமாக.

ஒரே ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். சமயபுரம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் எழுதியது. வகுப்பில் வாய் திறக்காத பெண். அப்பா கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கிறார். அவர் முழம் போடுவதை எழுதியிருந்தாள். பேரம் பேசுகிறவர்களுக்கு அப்பாவின் முழம் முழங்கையோடு நின்றுவிடும் என்றும், அழுத கண்ணோடு வருகிறவர்களுக்கு அதைத் தாண்டிக் கொஞ்சம் போகும் என்றும், அப்பாவுக்கே இது தெரியாது என்றும் எழுதியிருந்தாள்.

"எப்படி சார்?"

"முழம்னா ஒரு அளவு வேணும் மேடம். ஆளுக்கு ஆள் வேற முழம் போட்டா அதுக்குப் பேர் அளவு இல்லை."

"அதைத்தானே சார் அவ எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டு அதற்குப் பதினெட்டு போட்டார். அந்த செமஸ்டரில் அவர் யாருக்கும் பதினெட்டுக்கு மேல் போடவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பூக்கடைக்காரர் வந்தபோது அரை மணி நேரம் நிறுத்திவைத்துப் பேசினார். "நான் படிக்காதவங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செஞ்சிடுறேங்க" என்று அந்த மனிதர் மூன்று முறை சொன்னது என் மேசை வரைக்கும் கேட்டது.

இரண்டாவது கட்டுரை, விளக்கம். மணப்பாறைப் பையன் ஒருவன் முறுக்குச் செய்யும் முறையை எழுதிக் கொடுத்தான். மறு திங்கட்கிழமை அவர் ஒரு டிபன் பாக்ஸோடு வந்து, பையனை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"சாப்பிடு."

பையன் ஒன்றை எடுத்துக் கடித்தான். கடிபடவில்லை, வளைந்தது.

"என்ன மேம் இது, நமுத்துப் போயிருக்கு?"

"நீ எழுதினதுதான்டா. வரிக்கு வரி அப்படியே செஞ்சேன். எங்க வீட்டுல எங்கப்பா கூடத் தின்னல."

"ரெண்டாவது தடவை எண்ணெயில போடலையா மேம்? பாதி வெந்ததும் எடுத்து ஆற வெச்சு, மறுபடியும் போடணும்."

"அது எங்க எழுதியிருக்க? காட்டு."

"அது எல்லாருக்கும் தெரியும் மேம்!"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னா எதுக்குடா எழுதினே?"

அறையில் இருந்த ஏழு பேரும் சிரித்தோம். பையனும் சிரித்தான். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய கட்டுரையை விரித்து, விட்டுப்போன இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இங்க எழுதிக் குடு, திருப்பிப் படிக்கிறேன்" என்றார். பையன் எழுதிக் கொடுத்தான். மேடம் திரும்பவும் செய்து பார்த்ததாகக் கேள்வி. அந்த முறை டிபன் பாக்ஸ் எங்களிடம் வரவில்லை.

மூன்றாவது வாதம். அதற்கு அவர் கொடுத்த தலைப்பு என்னைத்தான் தொட்டது: கட்டுரைக்குப் பத்துப் பக்கம் என்கிற விதி தேவையா? எழுதி முடித்த அறுபத்திரண்டையும் ஒரு கட்டாகக் கட்டி என் மேசையில் வைத்தார்.

"எனக்கு எதுக்கு மேடம்?"

"ஒத்துக்காதவர் நீங்கதானே சார். உங்களுக்குத்தான் எழுதியிருக்காங்க."

எல்லாவற்றிலும் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்தேன். தேவையில்லை என்று ஐம்பத்தேழு. தேவை என்று நாலு. ஒருவன் இரண்டு பக்கமும் பேசி எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஒரு தாளில் அட்டவணை போட்டு மறுநாளே கட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அட்டவணையைப் படித்தார். அதையும் கடைசி வரி வரைக்கும். "எண்ணிட்டீங்க. படிச்சீங்களா சார்?"

"எண்ணணும்னா பார்க்காம எப்படி எண்ண முடியும்?"

அவர் கட்டை எடுத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. என்னைவிட இருபது வயது சின்னவர், நிரந்தர வேலைகூட இல்லாதவர், என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டார் என்று அப்போது கோபப்பட்டேன். பின்னால் நடந்தவற்றில் அந்தக் கோபத்துக்கு எவ்வளவு பங்கு என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மார்ச் நடுவில் மூன்று கட்டுரைகளின் மதிப்பெண்களும் என்னிடம் வந்தன. சராசரி பத்துக்குக் கீழே இருந்தவர்கள் பதினொரு பேர். பத்து இல்லாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது. முதல்வர் என்னையும் அவரையும் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? மத்த எல்லாத் தாள்லயும் இருபது, இருபத்திரண்டு. உங்க தாள்ல மட்டும் ஆறு, ஏழு. பேரண்ட்ஸ் வந்து நின்னா யார் பதில் சொல்றது?"

"நாலாவது கட்டுரை இன்னும் இருக்குங்க சார். தன்னனுபவம். அதுல ஏறி வந்துடுவாங்க. அந்தப் பதினொரு பேரோட உட்கார்ந்து பேசியிருக்கேன்."

நான் குறுக்கிட்டேன். "மூணுலயும் ஆறு வாங்கினவனுக்குச் சராசரி பத்து வரணும்னா நாலாவதுல இருபத்திரண்டு வேணும் மேடம். நீங்க இதுவரைக்கும் பதினெட்டைத் தாண்டினதே இல்லையே."

கணக்கு சரியாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார். போன பிறகு முதல்வர் ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார்.

ஒரு பக்கத்தில் எழுதினேன். கல்லூரியின் சராசரி என்ன, இந்தத் தாளின் சராசரி என்ன, எத்தனை மாணவர்களின் ஆண்டு வீணாகும், கல்லூரி விதியை மீறி எத்தனை பக்கம் குறைக்கப்பட்டது. மீதி மதிப்பீட்டைக் குழுவே செய்யலாம், அடுத்த செமஸ்டருக்கு இவருக்கு ஆணை வழங்கத் தேவையில்லை என்று முடித்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. எண்கள் அத்தனையும் சரி. அவர் எப்படிப் படிப்பார் என்பது மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லை.

மார்ச் இருபதாம் தேதியோடு அவரை விடுவித்தார்கள். மாணவர்கள் ஏதாவது கிளப்பிவிடக் கூடாது என்பதால் மேடம் லீவு என்று சொல்லச் சொன்னார் முதல்வர். வகுப்பில் போய்ச் சொன்னவன் நான். ஆசிரியர்களின் போன் நம்பரை மாணவர்களுக்குத் தரக் கூடாது என்பது எங்கள் கல்லூரி வழக்கம். அதனால் யாரும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

இருபத்தெட்டாம் தேதி நாலாவது கட்டுரைகள் வந்தன. அறுபத்திரண்டு. எல்லாவற்றையும் எண்ணினேன், எல்லாம் இரண்டு பக்கம். ஒருவருக்குக் கூட்டி ஒருவருக்குக் குறைத்தால் கேள்வி வரும். அதனால் அறுபத்திரண்டு பேருக்கும் இருபத்திரண்டு போட்டேன். பதினொரு பேரும் தப்பித்தார்கள். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பாட ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. கட்டை டேப்பால் கட்டி என் பீரோவின் கீழ்த் தட்டில் போட்டேன். அன்று வீட்டுக்கு நிம்மதியாகத்தான் போனேன்; இதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

அவர் இரண்டு முறை போன் செய்தார். முதல் முறை ஏப்ரலில். "நாலாவது கட்டுரை வந்துச்சா சார்? படிக்கிறேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஒரு நாள் வந்து வாங்கிட்டுப் போறேன்."

"மார்க் போட்டாச்சு மேடம். இனிமே அதைப் படிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

இரண்டாவது முறை ஜூனில். ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்திருந்தார், சனிக்கிழமையும் வேலை என்றார். ரிசல்ட் வந்த பிறகு பார்க்கலாம் என்று நான் தள்ளிப் போட்டேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை. கொடுப்பதற்கு மனமும் இல்லை.

ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நேரில் வந்துவிட்டார். பழைய பேப்பர்காரர் மறுநாள் வருவதாக இருந்தது. கட்டை எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு எடுத்துப் போவார் என்று நினைத்தேன். என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டேப்பை அவிழ்த்தார். காலை பத்தே காலுக்கு ஆரம்பித்தார். பதினொன்று ஐம்பதுக்கு உள்ளே வந்தார். கையில் ஒரே ஒரு கட்டுரை இருந்தது.

"இது எப்போ வந்தது சார்?"

"மார்ச் இருபத்தெட்டு. எல்லாமே அன்னைக்குத்தான்."

கட்டுரையை என் மேசையில் வைத்தார். பூக்கடைக்காரர் பெண்ணுடையது. முதல் பக்கத்தின் தலையில் என் சிவப்பு மை இருபத்திரண்டு. முதல் பக்கம் முழுவதும் கல்லூரிக்கு வந்த முதல் நாளைப் பற்றி. இரண்டாம் பக்கத்தில் பாதிக்கு மேல் கையெழுத்து சின்னதாகிறது. எனக்கு அந்த வரிகள் மனப்பாடம்.

'மேம், இதுவரை எழுதியது யாராவது புரட்டிப் பார்த்தால் கட்டுரை மாதிரி இருக்கட்டும் என்றுதான். நீங்கள் கடைசி வரி வரை படிப்பீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். வைகாசியில் எனக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் மேலே படிக்க வேண்டாம் என்கிறார்கள். எனக்கு ஒரு வருஷம் கிடைத்தால் போதும், டிகிரியை முடித்துவிடுவேன். நான் சொன்னால் அப்பா அழுகிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். பத்திரிகை அடிப்பதற்குள் ஒரு தடவை வாருங்கள் மேம்.'

நூற்றுப் பதினெட்டு நாள் அது என் பீரோவில் இருந்திருக்கிறது.

"நீங்களும் வாங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் போகாமல் இருந்திருப்பேன்.

ஆடி வெள்ளி. சமயபுரத்தில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் புடவைக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு பூக்கடைக்குப் போய்ச் சேர ஒரு மணி ஆகிவிட்டது. அவரைப் பார்த்ததும் கடைக்காரர் கையில் இருந்த சரத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"வாங்க வாங்க மேம்! கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கக் காலேஜுக்கே வந்தேங்க. நீங்க லீவுல இருக்கீங்கன்னுட்டாங்க. பாப்பா இங்கதான் இருக்கு. ஆடிக்கு அழைச்சிட்டு வந்தோம். இந்தா பாரும்மா, யாரு வந்திருக்காங்கன்னு!"

கடைக்குப் பின்னால் சாக்கு விரிப்பில் அந்தப் பெண் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. எழுந்து வந்து, "வாங்க மேம், நல்லா இருக்கீங்களா?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். கல்யாண வீட்டில் முகம் தெரியாதவர்களைக் கேட்பதுபோல இருந்தது.

அப்பா எங்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கிவரப் போனார். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கட்டுரையை இன்னைக்குத்தாம்மா படிச்சேன்."

அந்தப் பெண் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"பரவால்ல மேம். அதான் அப்பவே இருபத்திரண்டு போட்டிருந்தீங்களே. போர்டுல என் பேருக்கு நேரா மட்டும் பார்த்துட்டு வந்துட்டேன். நீங்க எனக்குப் பதினெட்டுக்கு மேல போட்டதே இல்லை. படிச்சிட்டு, நல்லா எழுதியிருக்கான்னு போட்டுட்டு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். அன்னைக்குச் சாயங்காலம்தான் வீட்டுல சரின்னு சொன்னேன்."

கூட்டத்தில் யாரோ பம்பை அடித்தார்கள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். 'அது அவர் போட்டது இல்லை அம்மா, நான் போட்டது. நான் படிக்கவில்லை' என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது.

பிறகு அவரே சொன்னார். "தப்புதாம்மா."

அப்பா கலர் பாட்டில்களோடு வந்தார். "சார் யாருங்க?"

"எங்க காலேஜ் சார். கூட வந்தார்."

"எடுத்துக்குங்க சார். மேம், இதுக்கு இன்னும் ஒரு வருஷம் படிக்கணும்னு இவ்வளவு ஆசை இருந்துச்சுன்னு எனக்கு அப்புறம்தாங்க புரிஞ்சுது. நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தீங்கன்னா தள்ளிப் போட்டிருப்பேன்." குறையாகச் சொல்லவில்லை. பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார். மேடம் மறுபடியும், "தப்புதாங்க" என்றார். நான் கலரைக் குடித்து முடித்தேன்.

அங்கேயே மேடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டார். தொலைநிலைக் கல்வியில் மூன்றாம் வருஷம் சேர முடியும், மாப்பிள்ளையிடம் தானே பேசுகிறேன் என்றார். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் "சரிங்க மேம்" என்றாள். ஒன்றைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. கிளம்பும்போது மேடத்தின் தலையில் வைக்க ஒரு துண்டுச் சரம் கொடுத்தாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நான்தான் பேசினேன். "நான்தான் போட்டேன்னு நீங்க சொல்லியிருக்கலாமே மேடம். ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"அதை நான் சொன்னா, உங்களைக் காட்டிக்குடுத்துட்டு நான் தப்பிச்ச மாதிரி ஆயிடும் சார். நீங்க சொன்னாத்தான் அவளுக்கு அது பதில். நீங்க சொல்வீங்கன்னுதான் கூப்பிட்டேன்."

திருவெள்ளறைக்கு மாற்றுப் பஸ் பிடிக்க டோல்கேட்டில் இறங்கிவிட்டார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அவர் இரண்டு முறை போனார் என்றும், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் அந்த மணப்பாறைப் பையன் ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னான். நாலு வருஷம் கழித்து மேடம் தன் கணவரோடு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றும் அவன்தான் சொன்னான்.

இப்போது கட்டுரையைக் கைபேசியே எழுதிக் கொடுத்துவிடுகிறது என்கிறாள் என் பேத்தி. திருத்துவதற்கும் ஒன்று வந்துவிட்டதாம். "அப்போ யாருமே படிக்க வேண்டாம் தாத்தா, வசதிதானே?" என்று கேட்டாள். நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டேன். அவளுக்கு ஏன் என்று புரிந்திருக்காது.

சமயபுரத்துக் கடை விலாசம் என்னிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இதுவரை ஏழு முறை கடிதம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் முதல் பத்தி முடிவதற்குள் என் காரணங்கள் வந்துவிடுகின்றன: பதினொரு பேர், சராசரி, முதல்வர் சொன்னார், எனக்கு எப்படித் தெரியும். படித்துப் பார்த்துக் கிழித்துவிடுவேன். எட்டாவதை நேற்று எழுதினேன். அதில் மூன்றே வரிகள். 'உன் நாலாவது கட்டுரைக்கு மதிப்பெண் போட்டது உன் மேடம் இல்லை, நான். நான் அதைப் படிக்கவில்லை. படித்த அன்றைக்கே அவர் உன்னைத் தேடி வந்தார்.'

கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து ஒட்டிவிட்டேன். அவள் எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. எழுதினால், கடைசி வரி வரைக்கும் படிப்பேன்.